கீழக்கரைப் பெட்டியில் இருந்த கரண்டிகள்: வெள்ளி முலாம் பொருள்களின் முத்திரையைப் படித்துக் காலம் கணிப்பது எப்படி

கீழக்கரையில் உங்கள் பூர்வீக வீட்டின் பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த உங்கள் வாப்பாவின் வாப்பா கொண்டுவந்த கரண்டிகள், முள்கரண்டிகள், கத்திகள் அதில் இருக்கின்றன. இராமநாதபுரத்தில் பழைய வெள்ளி வாங்கும் ஒருவர் அவற்றை உரசிப் பார்த்துவிட்டு "இது வெறும் ஜெர்மன் சில்வர், எடைக்குக்கூட எடுக்க முடியாது" என்றும், இன்னொருவர் "இருநூறு வருடத்துச் சாமான், அசல் வெள்ளி" என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருவரில் யார் சொல்வது சரி, அந்த முத்திரைகளுக்கு என்ன பொருள், எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பவை உங்கள் கேள்விகள். நீங்கள் அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் நிதானமாகப் பார்த்தேன். இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் முலாம் பட்டறையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், இந்த முத்திரைகளுடன் எனக்குப் பழக்கம் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் சொன்னதும் முழுமையாகச் சரியில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் வாங்கிய ஒரு செட் அல்ல. குறைந்தது ஐந்து வெவ்வேறு வரலாறு கொண்ட பொருள்கள் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே பெட்டி முழுவதற்கும் ஒரே ஆண்டு சொல்ல முடியாது. ஒவ்வொரு வகையையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, ஒரு முத்திரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பிரித்தறிவதுதான் முக்கியம். உலோகம் எது, செய்தவர் யார், விற்றவர் யார், எவ்வளவு வெள்ளி ஏற்றியிருக்கிறது, வடிவம் எப்போது பதிவானது என்று ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு முள்கரண்டியின் பின்புறத்தில் சிறுசிறு கேடயங்களுக்குள் நான்கு எழுத்துகள் வரிசையாக இருப்பதையும், அருகில் டபிள்யூ, எச் என்ற எழுத்துகளோடு ஒரு முக்கோணக் கொடி இருப்பதையும் கண்டிருக்கிறீர்கள். "அசல் வெள்ளி" என்று சொன்னவரை ஏமாற்றியது இந்தக் கேடயங்கள்தான். அந்த நான்கு எழுத்துகள் இ, பி, என், எஸ். எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர் என்பதன் சுருக்கம் அது. மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றப்பட்ட நிக்கல் சில்வர் என்பது பொருள். நிக்கல் சில்வர் என்ற பெயரில் வெள்ளி இருந்தாலும், அந்தக் கலவையில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு பெரும்பங்கும், துத்தநாகமும் நிக்கலும் எஞ்சிய பங்கும் சேர்ந்தது அது. நம் பக்கத்தில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வதும் இதைத்தான். வெள்ளைநிறக் கலவை என்பதால், மேலே ஏற்றிய வெள்ளி சற்றுத் தேய்ந்தாலும் பித்தளையைப் போல மஞ்சளாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்காது என்ற காரணத்திற்காகவே ஆங்கிலேயப் பட்டறைகள் இதை விரும்பின.

அந்த எழுத்துகளை ஏன் தனித்தனிக் கேடயங்களில் பழைய சாய்வெழுத்தில் பொறித்தார்கள் என்பது சிந்திக்க வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் அசல் வெள்ளியின் மீது, அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை அலுவலகம் தன் முத்திரைகளை இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு கட்டங்களுக்குள் இடும். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தையும், நங்கூரம் பர்மிங்ஹாமையும், 1974 வரை கிரீடம் ஷெஃபீல்டையும், சிறுத்தைத் தலை லண்டனையும், ஓர் எழுத்து ஆண்டையும் காட்டும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதே தோற்றம் வர வேண்டும் என்பதற்காக முலாம் பொருள் செய்தவர்கள் தங்கள் எழுத்துகளையும் அவ்வாறே அடுக்கினார்கள். எனவே கேடயங்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேடயத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இல்லாத ஆங்கிலேயக் கரண்டியில், இ, பி என்ற இரண்டு எழுத்துகள் எந்த அலங்காரத்தோடு இருந்தாலும் அது முலாம் பொருளே. இ, பி, பி, எம் என்று இருந்தால் அடியில் இருப்பது பிரிட்டானியா மெட்டல் என்னும் வெள்ளீயக் கலவை. அது மென்மையானது, தேய்ந்தால் ஈயம் போன்ற சாம்பல் நிறம் தெரியும். என், எஸ் என்று மட்டும் இருந்தால் முலாமே ஏற்றாத வெறும் நிக்கல் சில்வர்.

இருநூறு வருடம் என்ற கணக்கும் இங்கேயே விழுந்துவிடுகிறது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாமுக்கான காப்புரிமையைப் பெற்றது 1840-இல். ஜான் ரைட் என்ற அறுவை மருத்துவர், பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளி ஒழுங்காகப் படிகிறது என்று கண்டறிந்ததை அவர்கள் வாங்கிக்கொண்டதால்தான் அந்தத் தொழில் வணிக அளவில் சாத்தியமாயிற்று. ஆகவே இ, பி என்ற எழுத்துகளைத் தாங்கிய எந்தப் பொருளும் 1840-க்கு முன் பிறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய வெள்ளி முலாம் பொருள்களும் உண்டு; தாமஸ் போல்சோவர் 1740-களில் ஷெஃபீல்டில் கண்டுபிடித்த முறையில், செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒட்டவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து உருளையில் நீட்டினார்கள். அப்படிப்பட்டவை தேய்ந்தால் அடியில் சிவப்பாகச் செம்பு தெரியும். உங்கள் கரண்டிகளில் தேய்ந்த இடம் மங்கிய மஞ்சள் சாயல் கொண்ட வெண்மையாக இருப்பதால் அந்த வகை அல்ல.

கொடி முத்திரை ஷெஃபீல்டைச் சேர்ந்த வாக்கர் அண்ட் ஹால் நிறுவனத்துடையது. இது செய்தவரின் முத்திரை. இதே போல ஊதுகொம்பும் சிறு கொடியும் இருந்தால் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், பிரின்ஸஸ் பிளேட் என்ற சொற்கள் இருந்தால் மாப்பின் அண்ட் வெப் என்று அடையாளம் காணலாம். ஆனால் எல்லா இடங்களிலும் பெயர் செய்தவருடையது என்று கொள்ளக்கூடாது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயர் பொறித்த கரண்டிகளும் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கின்றன. இப்படிப்பட்ட கடைகள் இங்கிலாந்துப் பட்டறைகளில் செய்வித்துத் தம் பெயரைப் பொறித்து விற்பதும் வழக்கமாக இருந்தது. கடையின் பெயர் பொருள் எங்கே விற்றது என்பதற்குச் சான்று. எங்கே செய்தது என்பதற்கு அல்ல.

கொடிக்கு அருகில் தனியாக ஓர் எழுத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சில பெரிய நிறுவனங்கள் அசல் வெள்ளியின் வழக்கத்தைப் பின்பற்றி, தாங்களாகவே ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற முறையை வைத்துக்கொண்டன. எல்கிங்டன் நிறுவனம் 1840-களில் எண்களைப் பயன்படுத்தி, 1849 முதல் எழுத்துகளுக்கு மாறியது. அகரவரிசை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால் ஒரே எழுத்து பல ஆண்டுகளைக் குறிக்கும். எல்கிங்டனின் 'ஏ' என்ற எழுத்து 1865 ஆகவும் இருக்கலாம், 1886 ஆகவும் இருக்கலாம், 1912 ஆகவும் இருக்கலாம். எழுத்தைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவமும் எழுத்தின் பாணியும்தான் எந்தச் சுற்று என்பதைப் பிரித்துக் காட்டும். இதனால்தான் எழுத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது, சுற்றியுள்ள கட்டத்தின் மூலைகள் தெரியும்படி படம் வேண்டும் என்று எப்போதும் கேட்கிறேன். எல்கிங்டன் பொருள் உங்களிடம் இல்லை என்றாலும், இக்கரையில் அது அடிக்கடி கிடைப்பதால் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சொல்லிவைக்கிறேன். முத்திரையில் 'எம்' என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால், ஜோசயா மேசன் கூட்டாளியாக இருந்த 1842 முதல் 1861 வரையிலான காலத்தைச் சுட்டும். கிரீடம் இருந்தால் 1890-களின் நடுப்பகுதிக்கு முந்தியது. ஷெஃபீல்டு சோதனை அலுவலகத்தின் அடையாளமும் கிரீடமாக இருந்ததால் முலாம் பொருளில் அதைப் பொறிக்கக்கூடாது என்று அப்போது தடுக்கப்பட்டது.

இனி உங்கள் பெட்டியிலேயே மிகச் சிறந்த பொருளுக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கடைசியில், "மீன் வெட்ட முடியாத மொட்டைக் கத்திகள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அவை மீன் வெட்டுவதற்கு அல்ல; சமைத்த மீனின் சதையை முள்ளிலிருந்து பிரித்தெடுக்க மேசையில் பயன்படுத்தியவை. அக்காலத்து எஃகுக் கத்தி எலுமிச்சைச் சாறு பட்டால் கறுத்து, மீனுக்கு இரும்பு வாடை ஏற்றும். அதனால் விக்டோரியா காலத்து வீடுகளில் மீனுக்கென்று வெள்ளியாலோ வெள்ளி முலாமாலோ ஆன அகன்ற, கூர்மையற்ற கத்தியை வைத்தார்கள். காலையில் பிடித்த மீனை மதியம் கையால் பிசைந்து உண்ணும் நம் கரையில் இதன் தேவை யாருக்கும் தோன்றியிருக்காது. அதனால்தானோ என்னவோ இவை பெட்டியில் பயன்படாமல் கிடந்து, தேயாமல் தப்பியிருக்கின்றன.

இந்த மீன் கத்திகளில் மூன்று வெவ்வேறு சான்றுகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தகட்டில் இ, பி, என், எஸ் இருக்கிறது. ஆகவே தகடு முலாம். கைப்பிடியும் தகடும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய பட்டையில் நடக்கும் சிங்கமும் கிரீடமும் சிறிய 'என்' எழுத்தும் இருக்கின்றன; ஆகவே அந்தப் பட்டை மட்டும் அசல் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. பட்டையில் சிங்கம் இருப்பதைப் பார்த்து முழுக் கத்தியும் வெள்ளி என்று விற்பதும் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது, அதில் ஏமாந்துவிடாதீர்கள். மூன்றாவதாக, தகட்டின் அடியில் ஆர், டி என்ற எழுத்துகளுக்குப் பின் மூன்று லட்சத்து இருபதாயிரத்தைச் சேர்ந்த ஓர் எண் இருக்கிறது. அது இங்கிலாந்தில் வடிவப் பதிவு அலுவலகத்தில் பெற்ற எண். அந்த வரிசை 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1890 தொடக்கத்தில் ஏறத்தாழ 1,41,000-ஐயும் 1900 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,51,000-ஐயும் எட்டியது. உங்கள் எண் 1898-ஐச் சேர்ந்தது.

இங்கேதான் பலர் பேனாவை மூடிவிட்டு "1898" என்று எழுதிவிடுகிறார்கள். பதிவான ஆண்டு வடிவத்தின் பிறந்தநாளே தவிரப் பொருளின் பிறந்தநாள் அல்ல. ஒரு வடிவம் நன்றாக விற்றால் அதே எண்ணோடு பல ஆண்டுகள் செய்துகொண்டே இருப்பார்கள். அந்த எண் நமக்குத் தருவது ஒரு கீழ் எல்லை மட்டுமே: இந்தக் கத்தி 1898-க்கு முன் செய்யப்பட்டதல்ல. மேல் எல்லையைத் தருவது வெள்ளிப் பட்டை. ஷெஃபீல்டின் ஆண்டு எழுத்துகள் 1893-இல் சிறிய 'ஏ'-யில் தொடங்கிய சுற்றில், 'ஜே' எழுத்தை விட்டுவிட்டு எண்ணினால், சிறிய 'என்' 1905-ஐக் குறிக்கிறது. அரசாங்க மேற்பார்வையில் இட்ட முத்திரை என்பதால் முலாம் பட்டறை தானாக வைத்துக்கொண்ட எழுத்தைவிட இது பலமடங்கு நம்பத்தக்கது. ஆகவே, 1898-இல் பதிவான வடிவத்தில் 1905-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட கத்திகள் என்று உறுதியோடு சொல்லலாம். முலாம் பொருளில் இவ்வளவு துல்லியம் கிடைப்பது அபூர்வம். உங்கள் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்தது 1920-களில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தக் கத்திகள் ஏற்கெனவே வேறொருவர் வீட்டில் இருந்து, பிறகு அவர் கைக்கு வந்தவை. பொருளின் வயதும் அது உங்கள் குடும்பத்துக்குள் வந்த காலமும் வேறுவேறு என்பதை இந்த ஒரு பொருளே காட்டிவிடுகிறது.

பதிவு எண்ணுக்கு முந்தைய காலத்தில், 1842 முதல் 1883 வரை, சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை இட்டார்கள். அதன் உச்சியில் ஒரு சிறு வட்டத்துக்குள் பொருளின் வகுப்பு இருக்கும். உலோகத்தின் வகுப்பு ரோமன் எண் I. நான்கு மூலைகளிலும் ஆண்டு, மாதம், நாள், பதிவுக்கட்டு எண் ஆகியவை இருக்கும். 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் படித்தால் கணக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பிசகிவிடும். ஆண்டெழுத்துகள் அகரவரிசையில் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, மேல் மூலையில் 'எக்ஸ்' இருந்தால் 1842, வலது மூலையில் 'எக்ஸ்' இருந்தால் 1868.

சாப்பாட்டு மேசைக் கத்திகளில் தகட்டின் மேல் ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருப்பது காலத்தை எளிதில் தீர்த்துவிடுகிறது. ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். முதல் உலகப் போர் முடிந்து 1920-களில்தான் அத்தகைய கத்திகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. எனவே உங்கள் மேசைக் கத்திகள் அதற்குப் பிற்பட்டவை. கைப்பிடி பழையது என்று யாராவது சொன்னால் அதையும் ஒதுக்கிவிட வேண்டாம்; துருப்பிடித்த பழைய எஃகுத் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிய தகடு மாற்றித் தருவது வழக்கமான தொழிலாக இருந்தது. உள்ளீடற்ற கைப்பிடிக்குள் தகட்டின் வால் ஒருவகை அரக்குக் கலவையால் நிறுத்தப்பட்டிருக்கும். ஆகவே இவற்றை வெந்நீரில் ஊறவைத்தால் தகடு கழன்று வந்துவிடும்.

உங்களை மிகவும் மகிழ்ச்சிப்படுத்தியதாக எழுதியிருந்த அந்தச் சூப்புக் கரண்டியைப் பற்றிச் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதில் "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்று தெளிவாக இருப்பதால் 1847-இல் செய்தது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த எண் ஆண்டு முத்திரை அல்ல. அது பெயரின் ஒரு பகுதி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டில் ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் தொழிலைத் தொடங்கிய ஆண்டைப் பெருமையோடு பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். 1862-இல் அந்தப் பெயர் மெரிடன் பிரிட்டானியா கம்பெனிக்கும், 1898-இல் அமைந்த இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனிக்கும் சென்று, இருபதாம் நூற்றாண்டிலும் அதே 1847 என்ற எண்ணோடு கரண்டிகள் வந்துகொண்டே இருந்தன. இவ்வகைக் கரண்டியின் காலத்தைக் கைப்பிடியின் பூவேலை வடிவத்தை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயரும் அறிமுகமான ஆண்டும் அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியல்களில் உண்டு.

இதேபோன்ற இன்னொரு மயக்கம் உங்கள் இரண்டு தேக்கரண்டிகளில் உள்ள 90 என்ற எண்ணில் இருக்கிறது. உரசிப் பார்த்தவர் அதை "தொண்ணூறு சதவீத வெள்ளி" என்று படித்து, பிறகு உரைகல்லில் வேறு நிறம் வந்ததும் போலி என்று கோபித்திருக்கிறார். அது போலி அல்ல. ஜெர்மனியில் கெய்ஸ்லிங்கனில் உள்ள டபிள்யூ.எம்.எஃப். போன்ற நிறுவனங்களின் கரண்டிகளில் 90 என்றால், பன்னிரண்டு மேசைக் கரண்டியும் பன்னிரண்டு முள்கரண்டியும் சேர்ந்த இருபத்துநான்கு உருப்படிகளின் மேல் மொத்தம் 90 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறது என்று பொருள். ஓர் உருப்படிக்கு 3.75 கிராம் வருகிறது. அரைப் பவுன் எடைகூட இல்லை. இருந்தாலும் அது ஏறத்தாழ 36 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 36 பங்கு) கனமுள்ள முலாம், வீட்டு உபயோகத்தில் பல பத்தாண்டுகள் தாங்கக்கூடியது. பாரிஸின் கிறிஸ்டோஃபில் நிறுவனத்தின் பொருள்களில் 84 என்று இருந்தால் அதுவும் ஏற்றிய வெள்ளியின் கிராம் கணக்கு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் வேறு கணக்கு வைத்தார்கள்: பன்னிரண்டு டஜன் தேக்கரண்டிக்கு இரண்டு டிராய் அவுன்ஸ் (ஒன்று ஏறத்தாழ 31 கிராம்) வெள்ளி என்றால் சாதாரண முலாம், ஆறு என்றால் மும்மடங்கு, எட்டு என்றால் நான்மடங்கு. சாதாரண முலாமில் ஒரு தேக்கரண்டிக்கு அரை கிராம்கூட விழாது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். ஆங்கிலேயப் பொருள்களில் ஏ-ஒன் என்று இருப்பது நிறுவனம் தானே அளித்துக்கொண்ட தரம். சட்டத்தால் வரையறுத்தது அல்ல. வெள்ளியின் தூய்மையைக் காட்டும் எண்கள் பெரும்பாலும் 800, 925 போன்று மூன்று இலக்கத்தில் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

பெட்டியின் மூலையில் தனியாகக் கிடந்த சிறிய கரண்டியின் கைப்பிடியில் எஸ், ஐ, ஆர் என்று வெட்டியிருக்கிறது. தென்னிந்திய ரயில்வேயின் எழுத்துகள் அவை என்றே நினைக்கிறேன். இது செய்தவரின் முத்திரை அல்ல, உடைமையாளரின் அடையாளம்; ஆனாலும் காலம் கணிக்க இதுவும் உதவும். அந்தப் பெயரில் இயங்கிய ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டதால், கரண்டி அதற்கு முற்பட்டது. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பிறகு, தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் போட் மெயில் பயணிகள் கொழும்புக்குப் போய்வந்தார்கள். அதற்கு முன் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேராகக் கப்பல். உங்கள் குடும்பத்தார் போய்வந்த வழியை நினைத்தால் இந்தக் கரண்டி பெட்டிக்குள் எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்தப் பயணத்தின் நினைவாக எஞ்சியிருக்கும் சிறு பொருள்கள் மிகக் குறைவு. பெட்டியில் வெள்ளியின் விலை மதிப்பு மிகக் குறைந்தது இதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் பத்திரப்படுத்த வேண்டியதும் இதுவே.

முத்திரையைச் சரியாகப் படிப்பதற்கு நல்ல வெளிச்சத்தைவிடச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். ஜன்னலோரம் காலை வெயிலில் கரண்டியை மெல்லத் திருப்பினால் தேய்ந்த எழுத்தின் விளிம்புகள் நிழலாக எழும்பும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். அப்போதும் தெரியாவிட்டால் பட்டறையில் நாங்கள் செய்யும் ஒரு முறை இருக்கிறது: மெழுகுவர்த்திப் புகையை முத்திரையின் மேல் இலேசாகப் படியவிட்டு, ஆறிய பிறகு ஒளி ஊடுருவும் ஒட்டு டேப்பை அழுத்தி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத கோடுகள்கூடக் கருமையில் பதிந்து வரும். மிச்சமுள்ள கரியைச் சோப்பு நீரில் கழுவிவிடலாம். கரண்டியைச் சூடேற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முலாம் பொருளில் முத்திரையைப் பொதுவாக முலாம் ஏற்றுவதற்கு முன்பே அடித்துவிடுவார்கள். பின்னர் வெள்ளி அந்தப் பள்ளங்களுக்குள்ளும் படியும். எனவே முத்திரையின் ஓரங்கள் குழைந்து, உருண்டு காணப்பட்டால், ஒன்று அது நிறையத் தேய்ந்திருக்கிறது, அல்லது பிற்காலத்தில் மீண்டும் முலாம் ஏற்றப்பட்டிருக்கிறது. மறுமுலாமுக்கு முன் பழைய கீறல்களைப் போக்க, தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃப் சக்கரத்தில் பிடிப்பார்கள். அதில் முத்திரை பாதி போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன் தொண்டியிலிருந்து வந்த ஒரு பெரிய பரிமாறும் கரண்டியில் சாய்சதுர முத்திரை இருந்ததை நான் கவனிக்காமல் சக்கரத்தில் பிடித்துவிட்டேன். பளபளப்பு வந்தது, ஆண்டெழுத்து போய்விட்டது. அன்றிலிருந்து எந்தப் பழைய பொருளையும் முத்திரையைப் படம் எடுக்காமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை.

நம் கரைக்கே உரிய சில தொந்தரவுகளும் இருக்கின்றன. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால். கருவாடு காயும் இடத்துக்கு அருகிலும், முட்டைக் கறி பட்ட கரண்டியிலும் அது விரைவாக நடக்கும். கறுப்பு வெள்ளியில் ஏற்படும் மாற்றம், அதனால் பெரிய சேதமில்லை. பச்சை நிறப் படிவு அப்படி அல்ல. வெள்ளி எங்கோ ஊசித்துளை அளவில் விட்டுப்போயிருக்கிறது, உப்புக்காற்றின் ஈரம் அதன் வழியாக அடியில் உள்ள செம்பைத் தொட்டுவிட்டது என்பதன் அறிகுறி அது. விட்டுவிட்டால் முலாம் கொப்புளித்து உரியும். பச்சை தெரியும் உருப்படிகளை உடனே தனியே பிரித்து, வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பால் கழுவி, நன்கு துடைத்து உலரவைத்து, பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், ரப்பர் பட்டை போட வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் அழிக்க முடியாத கறுப்புக் கோட்டை விட்டுச்செல்லும்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பித்தளைக்கும் செம்புக்கும் ஏற்ற முறை. முலாமுக்கு அது எமன். விபூதியால் வெள்ளிப் பாத்திரம் துலக்குவது அசல் வெள்ளிக்குப் பொறுக்கும், சில மைக்ரான் முலாமுக்கு அடிக்கடி பொறுக்காது. வாங்க வருபவர் உரைகல்லில் ஆழமாக உரசவோ, அரத்தால் ஒரு நறுக்குப் போட்டு அமிலத்துளி விடவோ அனுமதிக்காதீர்கள். இ, பி என்று எழுத்திலேயே எழுதியிருக்கும்போது அந்தச் சோதனையால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. காயம் மட்டும் நிரந்தரமாக நிற்கும். உங்கள் முள்கரண்டி ஒன்றின் கழுத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு நறுக்கு தெரிகிறது.

இனி மீதமிருப்பது வாக்கர் அண்ட் ஹால் கரண்டிகளின் ஆண்டு ஒன்றுதான். கொடியின் கீழே இருக்கும் எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் நான்கு மூலைகளும் தெரியும்படி, நான் சொன்ன புகை முறையில் எடுத்த பதிவு ஒன்றை அனுப்புங்கள். இருபத்துநான்கிலும் ஒரே எழுத்துதானா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் தொலைந்த உருப்படிகளுக்குப் பதிலாகப் பின்னாளில் அதே வடிவத்தில் வாங்கிச் சேர்ப்பது வழக்கம். இங்கிலாந்து என்ற நாட்டுப்பெயர் எந்த உருப்படியிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 1890-இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கிய பிறகுதான் அந்தச் சொல் பரவலாயிற்று, ஆகவே அது இருந்தால் அந்த உருப்படி பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டதாக இருக்கும். அதுவரை அந்த இருபத்துநான்கையும் துலக்காமல் அப்படியே வைத்திருங்கள்.